மண்வெட்டிக்கு முன்னால் ஆவணம்: அடிமை ஒழிப்பாளர்களுக்கு ஊர்ப் பூங்கா அமைத்தல்

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், டஃபீல்ட் தெருவை ஒட்டி 1.15 ஏக்கரில் ஒரு பூங்கா இருக்கிறது. அதன் பெயர் அபாலிஷனிஸ்ட் பிளேஸ். அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட உள்ளூர் மக்களின் பெயரால் அமைந்தது. அந்த வட்டாரத்துக்கு ஒரு பூங்கா வேண்டும் என்று நகர நிர்வாகம் திட்டம் போட்டது 2004இல். பூங்கா திறந்தது 2022இல். ஓர் ஏக்கரும் கொஞ்சமும் கொண்ட பச்சை நிலத்துக்குப் பதினெட்டு ஆண்டுகள் பிடித்தன. மண் கொட்டவும் மரம் நடவும் அவ்வளவு காலம் ஆகாது. யாரை நினைவுகூர்வது, எந்தச் சான்றின் பேரில், அதை முடிவு செய்வது யார் என்ற கேள்விகளுக்கு விடை காணவும் அந்தக் காலத்தில் ஒரு பகுதி போனது. நினைவுப் பூங்காத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழகிய கதை.

அடிமை முறை என்றவுடன் அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்திக் காடுகள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். புரூக்ளின் அடங்கிய கிங்ஸ் கவுண்டியில், 1790ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அடிமை. டச்சுக் குடும்பங்களின் பண்ணைகள் அவர்கள் உழைப்பில் நடந்தன. நியூயார்க் மாநிலம் 1799இல் ஒரு சட்டம் செய்தது. அந்த ஆண்டு ஜூலை 4க்குப் பின் அடிமைத் தாய்க்குப் பிறக்கும் பிள்ளைகள் பெயரளவில் சுதந்திரர். ஆனால் ஆண் 28 வயது வரையிலும் பெண் 25 வயது வரையிலும் தாயின் எஜமானுக்கு வேலை செய்து தீர வேண்டும். 1827 ஜூலை 4இல்தான் மாநிலத்தில் அடிமை முறை முழுதாக முடிவுக்கு வந்தது. முடிந்த பின்னும் நியூயார்க் துறைமுகத்தின் வணிகம் தெற்கின் பருத்தியையே நம்பியிருந்தது. ஆள் பிடிப்பவர்கள் துறைமுகத் தெருக்களில் நடமாடினார்கள். தப்பி வந்தவர்களோடு, பிறவியிலேயே சுதந்திரரான கறுப்பின மக்களையும் அவர்கள் கடத்தினார்கள்.

அவர்களை எதிர்த்து நின்றது ஒழிப்பாளர் இயக்கம். 1835இல் நியூயார்க்கில் கண்காணிப்புக் குழு ஒன்று உருவானது. அதை நடத்தியவர்களில் முதன்மையானவர் டேவிட் ரக்கிள்ஸ் என்ற கறுப்பின இளைஞர். 1838இல் மேரிலாந்திலிருந்து தப்பி வந்த ஃபிரடெரிக் டக்ளஸ் அவருடைய லிஸ்பனார்ட் தெரு வீட்டில்தான் ஒளிந்திருந்தார். அதே வீட்டில் அன்னா மரேயை மணந்தார். அந்தத் திருமணத்தை நடத்தி வைத்த பாதிரியார் ஜேம்ஸ் பென்னிங்டன். அவரும் தப்பி வந்தவர். புரூக்ளினில் வேலை செய்துகொண்டே படித்தவர். அதே 1838இல் ஜேம்ஸ் வீக்ஸ் என்ற துறைமுகத் தொழிலாளி புரூக்ளினில் நிலம் வாங்கினார். அதைச் சுற்றி வளர்ந்த கறுப்பின மக்களின் ஊர் வீக்ஸ்வில். 1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தின்கீழ் முதலில் பிடிபட்ட ஜேம்ஸ் ஹாம்லெட், புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க்கில் குடியிருந்தவர். அவரை மீட்க வேண்டிய 800 டாலரை ஊர் மக்கள் வசூலித்துக் கட்டினார்கள். உள்ளூர் வீரர்கள் என்றால் இப்படிப்பட்டவர்கள்தான்: துறைமுகத் தொழிலாளி, பாதிரியார், காசு போட்ட பெயர் தெரியாத குடும்பங்கள். குதிரை மேல் வாளேந்தி நிற்கும் வடிவத்துக்குள் இவர்களில் ஒருவரும் அடங்க மாட்டார்கள்.

பூங்கா அமைப்பவரின் முதல் சிக்கல் இங்கேயே தொடங்குகிறது. தப்பியவர்களை வடக்கே அனுப்பிய ‘நிலத்தடி ரயில்பாதை’யில் ரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு, ஒரு தேவாலயத்திலிருந்து ஒரு படகுக்கு என்று ஆட்களைக் கைமாற்றிய ரகசிய ஏற்பாடு அது. 1850 சட்டப்படி அதற்கு உதவினால் 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. எழுதி வைத்தால் அதுவே சாட்சி ஆகிவிடும். ஆகவே பெரும்பாலோர் எழுதவில்லை. எழுதியதையும் சிலர் எரித்தார்கள். ஃபிலடெல்ஃபியாவின் வில்லியம் ஸ்டில் தம் பதிவேடுகளை மறைத்து வைத்துக் காத்து, உள்நாட்டுப் போர் முடிந்த பின் 1872இல் நூலாக்கினார். நியூயார்க் இதழாசிரியர் சிட்னி ஹோவர்ட் கே, 1855, 56 ஆண்டுகளில் தம் வழியே கடந்து போன இருநூறுக்கும் மேற்பட்டவர்களைப் பற்றி எழுதி வைத்த குறிப்பேடு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. வரலாற்றாசிரியர் எரிக் ஃபோனர் 2015இல் வெளியிட்ட நூலுக்கு அதுவே அடித்தளம். இப்படிப் பிழைத்த ஆவணங்கள் மிகச் சில.

மற்றதெல்லாம் சுற்றி வளைத்துத் தேட வேண்டியவை. குடிக்கணக்கு, நகரத்தின் முகவரிக் கையேடு, நிலப் பத்திரம், வரிப் பதிவு, தேவாலய உறுப்பினர் பட்டியல், தப்பியவர்களைத் தேடி எஜமானர்கள் கொடுத்த பத்திரிகை விளம்பரம், ஒழிப்புச் சங்கங்களின் ஆண்டறிக்கை. ஒரு வீட்டில் இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை இவர் குடியிருந்தார், இவர் இந்தச் சங்கத்தில் உறுப்பினர் என்று இரண்டு தாள்களை அடுத்தடுத்து வைத்தாலே பாதி வேலை முடியும். அந்த வீட்டு நிலவறையில் இன்ன இரவில் இன்னார் ஒளிந்திருந்தார் என்று சொல்லும் தாள் கிடைப்பது அபூர்வம். அது கிடைக்காமல் எதையும் ஏற்க மாட்டோம் என்று அடம் பிடிப்பவர்கள், ரகசியமாக நடந்த ஒன்றுக்கு ரசீது கேட்கிறார்கள்.

எதிர்ப்பக்கத்து ஆபத்தும் சிறியதல்ல. அமெரிக்காவின் வடகிழக்கில் பழைய வீட்டில் ஒரு சுரங்க அறை இருந்தால் போதும், அடிமைகள் ஒளிந்த இடம் என்று கதை கிளம்பிவிடும். அது விறகு வைத்த அறையாக இருக்கலாம், காய்கறி கெடாமல் வைத்த குழியாக இருக்கலாம். மெத்தை விரிப்புகளின் தையல் வடிவங்களில் தப்பும் வழிக்கான குறியீடுகள் இருந்தன என்ற கதை 1999இல் வெளிவந்த ஒரு நூலால் பரவியது. வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் அதை ஏற்பதில்லை. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் வடமேற்கு மூலையில் ஃபிரடெரிக் டக்ளஸ் வட்டம் அமைக்கும்போது, தரைக் கருங்கல்லில் இந்தத் தையல் வடிவங்களைப் பதிக்கத் திட்டமிட்டார்கள். 2007இல் டேவிட் பிளைட் போன்ற அறிஞர்கள் எதிர்த்தார்கள். விளக்கப் பலகையின் வாசகம் மறுபரிசீலனைக்கு உள்ளானது. கல்லில் வடிவம் முடிவான பிறகு வரலாறு கேட்பது தலைகீழ் வேலை.

எண்களும் இப்படித்தான் ஏமாற்றும். ஹாரியட் டப்மன் பத்தொன்பது பயணங்களில் முந்நூறு பேரை மீட்டார் என்பது பல பலகைகளில் இருக்கும் வாசகம். அது 1860களில் வெளிவந்த அவருடைய வாழ்க்கை வரலாற்றிலிருந்து வந்தது. வரலாற்றாசிரியர் கேட் கிளிஃபர்ட் லார்சன் ஆவணங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துச் சொன்னது: சுமார் பதின்மூன்று பயணங்கள், சுமார் எழுபது பேர். எழுபது என்று செதுக்கினால் அவருடைய பெருமை குறைந்துவிடும் என்று அஞ்சும் குழுக்கள் உண்டு. பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தும் ஒருவர் பதின்மூன்று தடவை திரும்பிப் போனதை விடப் பெரிய செய்தி எதுவும் அந்தப் பலகைக்குத் தேவையில்லை.

புரூக்ளின் வழக்கு இந்த இரண்டு ஆபத்துகளுக்கும் நடுவில் மாட்டியது. டஃபீல்ட் தெரு 227ஆம் எண் வீட்டில் 1851 முதல் 1863 வரை வாழ்ந்தவர்கள் தாமஸ், ஹாரியட் ட்ரூஸ்டெல் தம்பதியர். ரோட் ஐலண்டிலிருந்து வந்தவர்கள். இருவரும் அங்கேயே ஒழிப்புச் சங்கங்களில் இருந்தவர்கள். 1838இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த பெண்களின் அடிமை எதிர்ப்பு மாநாட்டுக்கு ஹாரியட் பிரதிநிதியாகப் போனார். இவ்வளவும் தாளில் இருப்பவை. 2004 திட்டப்படி பூங்காவுக்காகவும் அதன் கீழ் வரவிருந்த வாகன நிறுத்தத்துக்காகவும் இந்தத் தெருவின் சில வீடுகளை அரசு கையகப்படுத்தி இடிக்க வேண்டும். அதாவது, ஒழிப்பாளர்கள் வாழ்ந்த வீட்டை இடித்துவிட்டு அங்கே பூங்கா போடுவது.

வீட்டுக்காரர் ஜாய் சாட்டல் எதிர்த்து நின்றார். அக்கம்பக்கத்தாரும் சமூக அமைப்புகளும் சேர்ந்து நீதிமன்றம் போனார்கள். நகர நிர்வாகம் ஓர் ஆலோசனை நிறுவனத்தை வைத்து ஆய்வு நடத்தியது. ட்ரூஸ்டெல் தம்பதியர் ஒழிப்பாளர்கள் என்பதை ஆய்வு ஒப்புக்கொண்டது; இந்த வீடுகளில் தப்பியவர்கள் தங்கியதற்கு உறுதியான சான்று இல்லை என்றும் சொன்னது. ஆய்வைச் சரிபார்க்க அழைக்கப்பட்ட அறிஞர்கள் சிலரே அந்த முடிவுக்கு மறுப்புத் தெரிவித்தார்கள். 2007இல் சமரசம் ஏற்பட்டு 227ஆம் எண் தப்பியது; பக்கத்து வீடுகள் போயின. அதே ஆண்டு தெருவுக்கு அபாலிஷனிஸ்ட் பிளேஸ் என்று கூடுதல் பெயர் சூட்டினார்கள். பெயர்ப்பலகைக்குக் கீழே வீடுகள் இடிபட்டன என்பதை எரிச்சலோடு சுட்டிக்காட்டியவர்கள் பலர். சாட்டல் 2014இல் காலமானார். பிறகு கைமாறிய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட விண்ணப்பம் போனது, மறுபடியும் போராட்டம். 2021 பிப்ரவரியில் அது பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு நகரம் அதைச் சுமார் 32 லட்சம் டாலருக்கு விலைக்கு வாங்கியது. 2004இலேயே தொடக்க ஆய்வு ஒன்று செய்திருந்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம்.

வீக்ஸ்வில் இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு. அந்த ஊர் நகர வளர்ச்சியில் கரைந்து மறைந்துபோயிருந்தது. 1968இல் ஆய்வாளர் ஜேம்ஸ் ஹர்லியும் விமானி ஜோசஃப் ஹேய்ன்ஸும் சிறு விமானத்தில் பறந்து மேலிருந்து தேடினார்கள். சதுரக் கட்டமான தெருக்களுக்கு ஒத்துவராமல் கோணலாக ஒரு பழைய சந்தும் அதை ஒட்டிச் சில மர வீடுகளும் தெரிந்தன. ஹண்டர்ஃப்ளை சாலை வீடுகள் அவைதான். வட்டாரத்து மக்களும் பள்ளிப் பிள்ளைகளும் அகழ்வில் சேர்ந்தார்கள். 1970இல் வீடுகள் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாயின. அவற்றைச் சுற்றித்தான் இன்றைய வீக்ஸ்வில் பாரம்பரிய மையமும் அதன் பசுமை நிலமும் அமைந்துள்ளன. அங்கே வீட்டை முதலில் காப்பாற்றினார்கள். புல்லும் மரமும் பிறகு வந்தன.

நிலம் பற்றிய தொழில்நுட்பச் செய்திகளுக்கும் வர வேண்டும். புரூக்ளின் பூங்காவின் முதல் திட்டத்தில் அடியில் பல நூறு வண்டிகள் நிற்கும் நிலவறை இருந்தது. அப்படிப்பட்ட பூங்கா உண்மையில் ஒரு மொட்டைமாடித் தோட்டம். ஈரமண் கனமீட்டருக்குச் சுமார் இரண்டு டன் வரை கனக்கும். நிழல் தரும் மரத்துக்குக் குறைந்தது ஒரு மீட்டர் ஆழ மண் வேண்டும். அது முழுவதையும் கீழே உள்ள தூண்கள் தாங்க வேண்டும். செலவைக் குறைக்க நினைத்தால் மண்ணைத்தான் முதலில் குறைப்பார்கள், மரங்கள் குற்றுயிராக நிற்கும். வாகன நிறுத்தத் திட்டம் 2019இல் கைவிடப்பட்டது. மரங்களுக்கு அது நல்லது. நகர மையத்து மண்ணில் வேறு தொல்லைகள் உண்டு: இடிந்த கட்டடங்களின் செங்கல் தூள், காலடியில் இறுகிப்போன தரை, குளிர்காலத்தில் பனி உருகத் தூவும் உப்பு, வளர்ப்பு நாய்கள். பழைய குடியிருப்பு மண்ணில் ஈயம் இருக்கக்கூடும். சோதிக்காமல் பிள்ளைகள் விளையாடும் இடத்தை வகுக்கக் கூடாது. பழைய வீடுகளின் பின்கட்டுகளில் கழிப்பறைக் குழிகளும் கிணறுகளும் புதைந்திருக்கும். தொல்லியலாளருக்கு அவை புதையல்: உடைந்த பீங்கான், பொத்தான், மருந்துப் புட்டி. அவர் பார்த்து முடிக்கும் வரை இயந்திரம் உள்ளே வரக் கூடாது.

அடுத்தது உருவமா, உருவமில்லாததா என்ற பூசல். 2021இல் புரூக்ளின் பூங்காவுக்கு முன்வைக்கப்பட்ட கலைத் திட்டத்தில் சிலைகள் இல்லை. கலைஞர் கமீலா ஜனான் ரஷீத், ஒழிப்பு குறித்துப் பார்வையாளரைச் சிந்திக்க வைக்கும் கேள்விகளைத் தரையிலும் இருக்கைகளிலும் பதிக்க நினைத்தார். வட்டாரத்தில் பலர் எதிர்த்தார்கள்: பெயரே இல்லாமல் மறக்கப்பட்டவர்களுக்கு மறுபடியும் பெயரும் முகமும் இல்லாத நினைவா? நகரமெங்கும் வெள்ளைத் தளபதிகளுக்கு வெண்கலம் இருக்க, இவர்களுக்குக் கேள்விகள் மட்டுமா? இரண்டு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் முகம் கேட்பவர்களின் நியாயம் கூடுதல் கனமானது. சிலை செலவு மிக்கது, ஒருவரை மட்டும் உயர்த்திவிடும் என்பதெல்லாம் சரிதான். வரலாற்றில் முகம் கிடைக்காதவர்களுக்கு அந்த வாதத்தைச் சொல்வது கடினம்.

மசாசூசெட்ஸின் ஃப்ளாரன்ஸ் இதை அமைதியாகச் செய்து காட்டியது. நார்தாம்ப்டன் நகரின் பகுதியான அந்தச் சிற்றூரில் 1842 முதல் 1846 வரை ஒழிப்பாளர்கள் நடத்திய கூட்டுக் குடியிருப்பு ஒன்று இருந்தது; பட்டுத் தொழில் அதன் பிழைப்பு. ஒழிப்புப் பேச்சாளர் சொஜர்னர் ட்ரூத் அங்கே சேர்ந்து, பின்பு அதே ஊரில் சொந்த வீடு வாங்கி 1857 வரை வாழ்ந்தார். பார்வையும் உடல்நலமும் கெட்ட ரக்கிள்ஸ் நியூயார்க்கிலிருந்து வந்து, நீர்ச் சிகிச்சை நிலையம் நடத்தி, 1849இல் அங்கேயே இறந்தார். 1993இல் ஊர்க்காரர்கள் குழு அமைத்தார்கள். 2002இல் சிற்பி தாமஸ் ஜே வாரன் செய்த ட்ரூத் சிலை சின்னப் பூங்கா ஒன்றில் திறக்கப்பட்டது. ஒன்பது ஆண்டுகள் ஊரே பணம் சேர்த்துப் பேசித் தீர்த்ததால், திறந்த பிறகு சண்டை இல்லை. அங்கிருந்து நடந்தே பார்க்கக்கூடிய வீடுகளுக்கு ஒரு நடைவழியும் வகுத்திருக்கிறார்கள். பூங்கா அந்த நடைக்குத் தொடக்கம் மட்டுமே. இது பின்பற்றத்தக்க முறை.

ஓஹியோவின் ஓபர்லினில் கல்லே இடம் மாறியது. அடிமை முறையை எதிர்த்து 1859இல் ஜான் பிரவுன் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் நடத்திய தாக்குதலில் சேர்ந்து உயிர்விட்ட லூயிஸ் ஷெரிடன் லியரி, ஜான் கோப்லண்ட், ஷீல்ட்ஸ் கிரீன் ஆகிய மூவருக்கும் அவ்வூர் மயானத்தில் ஒரு பளிங்குக் கல் நட்டிருந்தார்கள். மயானத்தில் இருந்த அதை, பிற்காலத்தில் வைன் தெருவில் மார்ட்டின் லூதர் கிங் பெயரிலான பூங்காவுக்குக் கொண்டுவந்தார்கள். தப்பி வந்து 1858இல் பிடிபட்ட ஜான் பிரைஸை வெல்லிங்டனில் விடுதியை முற்றுகையிட்டு மீட்ட ஊர்க்காரர்களுக்கும் அதே பூங்காவில் நினைவுச் சின்னம் உண்டு. அந்த மீட்புக்காக முப்பத்தேழு பேர் மீது வழக்குப் போட்டார்கள். தண்டனை பெற்றவர்கள் இருவர். முப்பத்தேழு பெயர்களும் நீதிமன்ற ஆவணத்தில் இருந்ததால் ஓபர்லினுக்குச் சான்றுத் தொல்லை இல்லை. வழக்குப் போட்ட அரசாங்கம் நினைவுச் சின்னக் குழுவுக்குச் செய்த உதவி அது.

பளிங்கு பற்றி ஓர் எச்சரிக்கை. மழையிலுள்ள அமிலம் பளிங்கைத் தின்னும். நூறு ஆண்டில் எழுத்து மழுங்கிவிடும். வெளியில் பெயர் செதுக்கக் கருங்கல்லே ஏற்றது, எழுத்து வி வடிவத்தில் ஆழமாக வெட்டப்பட வேண்டும். பெயர்ப்பட்டியலில் பிறகு சேர்க்க இடம் விடுவது கட்டாயம். ஒழிப்பாளர் ஆய்வில் புதிய பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். மூடிய பட்டியல் பத்தாண்டில் பொய்யாகிவிடும்.

செதுக்கக் கூடாதவையும் உண்டு. 1851இல் ஓஹியோவின் ஆக்ரன் நகரில் ட்ரூத் ஆற்றிய உரையின் புகழ்பெற்ற வடிவம், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஃபிரான்சிஸ் கேஜ் எழுதியது. உரை நடந்த சில வாரங்களிலேயே மேரியஸ் ராபின்சன் அச்சிட்ட வடிவத்தில் ‘நான் ஒரு பெண் இல்லையா?’ என்று எல்லோரும் மேற்கோள் காட்டும் அந்த வரி இல்லை. ட்ரூத் வளர்ந்தது டச்சு மொழி பேசிய வீட்டில். கேஜ் அவர் வாயில் போட்டதோ தென்மாநிலக் கொச்சை. மாற்ற வேண்டி வரக்கூடிய எதையும் கல்லில் வைக்காமல் பலகையில் வைப்பதே விவேகம். பலகை சாய்வாக, இடுப்பு உயரத்துக்குக் கீழே, சக்கர நாற்காலியில் வருபவரும் படிக்கும்படி இருக்க வேண்டும். வாசகம் நூறு சொல்லைத் தாண்டினால் நின்று படிப்பவர்கள் குறைவு. உறுதியாகத் தெரிந்ததையும் ஊர் வழக்காகச் சொல்லப்படுவதையும் வேறுபடுத்தி எழுதலாம். வாசகர்கள் அதை மதிக்கிறார்கள். ஆய்வு முறையாக முடிந்த இடங்களை, 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசியப் பூங்காத் துறை நடத்தும் நிலத்தடி ரயில்பாதைப் பட்டியலில் சேர்க்க விண்ணப்பிக்கலாம். அதற்குக் கேட்கும் சான்றுகளைத் திரட்டுவதே ஒரு குழுவுக்கு நல்ல பயிற்சி.

ஊர்க் கூட்டங்கள் மாலையில் நடக்க வேண்டும். பகலில் வைத்தால் வேலைக்குப் போகும் மக்கள் வர மாட்டார்கள், வராதவர்கள் ஒப்புக்கொண்டதாகக் குறிப்பு எழுதப்படும். வரைபடம் முடிந்த பின் கருத்துக் கேட்கும் கூட்டம் வெறும் சடங்கு.

பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காமல் திறப்பு விழா நடத்துவது பரவலான பழக்கம். வெண்கலத்துக்கு ஆண்டுதோறும் மெழுகு பூச வேண்டும், பலகை பத்துப் பதினைந்து ஆண்டில் வெளிறும், புதிதாக நட்ட மரத்துக்கு முதல் இரண்டு மூன்று கோடையில் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். சேதப்படுத்துபவர்களும் வருவார்கள். ராச்செஸ்டர் நகரில் டக்ளஸுக்கு 1899இல் எழுப்பிய வெண்கலச் சிலை உண்டு. அவர் பிறந்த இருநூறாம் ஆண்டான 2018இல் நகரின் பல இடங்களில் பதின்மூன்று சிலைகளை வைத்தார்கள். சிற்பி ஒலிவியா கிம் அவற்றை வெண்கலத்தில் செய்யாமல் இலேசான கண்ணாடியிழையில் வார்த்தார். அவற்றில் ஒன்று மேபிள்வுட் பூங்காவில், தப்பியவர்கள் கனடாவுக்குப் படகேறிய ஜெனிசீ ஆற்றங்கரையில் நின்றது. 2020 ஜூலை 5 அன்று அதை யாரோ பீடத்திலிருந்து பெயர்த்துச் சிறிது தூரத்தில் போட்டுவிட்டார்கள். பழையதைச் சீர்படுத்த முடியவில்லை. பதிலுக்கு இன்னொரு சிலை அந்த மாதத்திலேயே அங்கே வைக்கப்பட்டது.